பட்டமளிப்புக்கு இங்கிலாந்து போகிறோம்: ஓட்டல் இங்கிலீஷ் பழக 'ஃபால்ட்டி டவர்ஸ்' கைகொடுக்குமா?

வைகைக்கரை | மே 3, இரவு 9:12

வணக்கம். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் 34 வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வில் இருப்பவன். மகள் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டாள். ஜூலையில் பட்டமளிப்பு. நானும் வீட்டுக்காரியும் போகிறோம். அவள் இருப்பது ஒண்டுக்குடித்தன அறை, எங்களுக்கு அங்கே இடம் கிடையாது. எக்ஸிடரில் மூன்று ராத்திரி, டார்க்வே என்கிற கடற்கரை ஊரில் ரெண்டு, லண்டனில் ரெண்டு, எல்லாமே ஓட்டல்தான்.

இங்கிலீஷ் படிக்க வரும். கோப்பில் குறிப்பு எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுவேன். எதிராளி வாயைத் திறந்தால்தான் கஷ்டம். முதல் வாக்கியத்தை நான் மென்று முடிப்பதற்குள் மூன்றாவது வந்துவிடுகிறது.

எதிர்வீட்டுப் பையன், "அங்கிள், ஃபால்ட்டி டவர்ஸ் பாருங்க, முழுக்க ஓட்டல்லயே நடக்குற காமெடி, அதுவும் நீங்க போற அதே ஊர்லதான்" என்றான். ரெண்டு எபிசோடு பார்த்தேன். நெட்டையாக ஒருத்தர் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார், ஸ்பெயின்கார சர்வர் ஒருவரின் தலையில் தட்டுகிறார். சிரிப்பு வந்தது. இங்கிலீஷ் வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதை நம்பி இறங்கலாமா?

பழைய_ஆண்டெனா | மே 3, இரவு 10:40

முதல் பாடம் இலவசம் சார். அது டார்க்வே இல்லை, டார்கீ. கடைசியில் இருக்கும் நாலெழுத்து படகுத்துறையைக் குறிக்கும் சொல், அதைச் சாவி மாதிரி 'கீ' என்றுதான் சொல்வார்கள். எக்ஸிடர் ஸ்டேஷனில் டார்க்வே என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் புரிந்துகொள்வார், என்ன, ரெண்டு விநாடி உங்களைப் பார்த்துவிட்டுப் புரிந்துகொள்வார்.

ஃபால்ட்டி டவர்ஸ் மொத்தமே 12 எபிசோடுதான். பிபிசி 2-இல் 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. ஓட்டல் முதலாளி பேசிலாக வரும் அந்த நெட்டை ஆள் ஜான் கிளீஸ். பாலி என்று பரிமாறும் பெண்ணாக வருகிறவர் கானி பூத். எழுதியதும் இவர்கள் ரெண்டு பேர்தான். 1970-இல் மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவோடு படப்பிடிப்புக்காக டார்கீ போன கிளீஸ் கிளனீகிள்ஸ் என்ற ஓட்டலில் தங்கினார். அதன் முதலாளி செய்த கூத்தெல்லாம்தான் பேசில் என்ற பாத்திரத்துக்கு விதை. குழுவில் இருந்த அமெரிக்கர் கறியை முதலில் நறுக்கி வைத்துவிட்டு முள்கரண்டியை வலது கைக்கு மாற்றிச் சாப்பிட்டாராம், அதற்கு அந்த முதலாளி பாடமே எடுத்திருக்கிறார். இன்னொருவர் விட்டுப்போன பெட்டியை வெடிகுண்டாக இருக்கலாம் என்று வெளியே சுவரோரம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

2000-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் போட்ட சிறந்த நூறு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். தைரியமாகப் பாருங்கள்.

எதிர்க்கட்சி | மே 4, காலை 7:05

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நாடகம். ஓட்டலில் போன் கம்பி இழுத்து இணைத்துக்கொண்டிருந்த காலம். இப்போது மொபைலில் புக் பண்ணி, மொபைலில் காசு கட்டி, சில இடத்தில் வாசலில் இருக்கும் மெஷினிலேயே சாவி அட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பெரியவருக்கு வேண்டியது மொழிபெயர்ப்பு ஆப். அது போக, பேசில் மாதிரி பேசிப் பழகிவிட்டுப் போனால் முதல் ஓட்டலிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். வேடிக்கை பார்க்க நல்லாத்தான் இருக்கும். பாடமாக வைக்க இதுவா கிடைத்தது?

நிலாச்சோறு | மே 4, காலை 11:30

கல்லூரியில் பேச்சு இங்கிலீஷ் எடுக்கிறேன். இதிலிருந்து சில காட்சிகளை வகுப்பில் ஓட்டியதும் உண்டு. எதிர்க்கட்சி சொல்வதில் பாதி சரி. பேசிலைப் பார்த்துப் பேசப் பழகக்கூடாது. அவரை விட்டுவிட்டு விருந்தாளிகளையும் பாலியையும் பாருங்கள்.

1975-இல் வந்த முதல் வரிசை எபிசோடுகளில், ஓட்டல் இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள் என்ற பயத்தில் நடக்கும் ஒன்று உண்டு. அதில் ஹட்சின்சன் என்று ஒரு விருந்தாளி. கரண்டி விற்கிற வியாபாரி. ஒரு டாக்ஸி கூப்பிடச் சொல்ல வேண்டும் என்றால்கூட அவருக்குப் பத்துப் பதினைந்து சொல் முன்னுரை வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் பத்திரம் எழுதுவது போல இருக்கும். இங்கிலீஷ்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் மாணவர்களுக்கு அங்கே சிரிப்பே வராது. "நல்லாத்தானே பேசுறார் மேடம்" என்பார்கள். ஏனென்றால் நாமும் அப்படித்தான் படித்திருக்கிறோம். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' பரம்பரை!

வைகைக்கரை சார், ரூமில் வெந்நீர் வரவில்லை என்று வையுங்கள். ரிசெப்ஷனில் என்ன சொல்வீர்கள்? யோசிக்காமல் இங்கே எழுதுங்கள் பார்ப்போம்.

வைகைக்கரை | மே 4, மதியம் 1:15

"ஐ வுட் லைக் டு ப்ரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ் தட் தி ஹாட் வாட்டர் ஃபெசிலிட்டி இஸ் நாட் அவெய்லபிள் இன் அவர் ரூம்."

எழுதி முடித்ததும் எனக்கே புரிந்துவிட்டது. கீழே 'தங்கள் உண்மையுள்ள' போடாதது ஒன்றுதான் பாக்கி. கரண்டி வியாபாரி நான்தான்.

நிலாச்சோறு | மே 4, மதியம் 1:22

:) தப்பே இல்லாத வாக்கியம் சார். பேசுகிற இடத்தில் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். மீதி மாலையில்.

வல்லை_வெளி | மே 4, மாலை 6:48

வணக்கம் அண்ணை. நான் இஞ்ச தென் இங்கிலாந்தில ஒரு ஹோட்டலில ரிசெப்ஷனில நிக்கிறன். பதினொரு வருசம். அதுக்கு முதல் அதே ஹோட்டல் குசினியில கோப்பை கழுவினனான்.

ரிசெப்ஷனில முதல் கேக்கிறது 'வாட் நேம் இஸ் இட் அண்டர்?' எண்டுதான். எந்தப் பேரில புக் பண்ணினது எண்டு அர்த்தம். எங்கட ஆக்கள் தங்கட பேரைச் சொல்லுவினம், புக்கிங் மகளின்ர பேரில இருக்கும். இல்லாட்டி பாஸ்போட்டில சர்நேம் எண்ட இடத்தில தகப்பன்ர பேர் இருக்கும், கம்பியூட்டர் அந்தப் பேரைத்தான் காட்டும். நான் தமிழன் எண்டபடியா ரெண்டையும் தேடுவன், மற்றவைக்கு இந்தக் கதை தெரியாது. 'இட்ஸ் அண்டர் மை டாட்டர்ஸ் நேம்' எண்டு சொல்லி, புக்கிங் தாளைக் காட்டுங்கோ.

பிறகு பாங்க் காட் கேப்பினம். காசு எடுக்கிறதுக்கில்லை, ஒரு தொகையைப் பிடிச்சு வைக்கிறதுக்கு. நீங்கள் போகேக்க விட்டிடுவினம், பாங்கில திரும்பிக் காட்ட சில நாள் செல்லும். 'காசு முதலே கட்டியாச்சு, பிறகேன் கேக்கிறியள்' எண்டு கோவிக்கிற ஆக்களை வாராவாரம் பாக்கிறன்.

இன்னொண்டு. இஞ்ச 'இல்லை' எண்டு நேர சொல்ல மாட்டினம். 'ஐ'ம் அஃப்ரெய்ட்' எண்டு தொடங்கினா இல்லை எண்டு அர்த்தம். ஒருக்கா ஊரில இருந்து வந்த ஐயா ஒராளுக்கு, பழக்கதோசத்தில 'ஐ'ம் அஃப்ரெய்ட் யுவர் ரூம் இஸ் நாட் ரெடி யெட்' எண்டு சொல்லிப்போட்டன். அவர் என்ர கையைப் பிடிச்சு, "டோன்ட் பி அஃப்ரெய்ட் தம்பி, ஐ வில் வெய்ட்" எண்டார். இண்டைக்கும் அந்த வசனத்தைச் சொல்லேக்க அவர்ர முகம்தான் வரும்.

'உட் யூ மைண்ட்' எண்டு கேட்டா இன்னும் கவனம். 'உட் யூ மைண்ட் வெய்ட்டிங்?' எண்டு கேக்க, எங்கட ஆக்கள் மரியாதையா 'யெஸ், யெஸ்' எண்டு தலையாட்டுவினம். அது 'ஓம், எனக்கு அது கரைச்சல்தான்' எண்டு போயிடும். 'நாட் அட் ஆல்' எண்டு சொல்லோணும்.

எதிர்க்கட்சி | மே 4, இரவு 8:10

வல்லை_வெளி எழுதிய ஐந்து பத்தியில் நாடகம் எங்கேயாவது வந்ததா? வேலைதான் இவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. என் கட்சிக்கு ஓட்டு.

வல்லை_வெளி | மே 4, இரவு 11:55

ஓட்டை எண்ணுறதுக்கு முதல் கேளுங்கோ. குசினியில இருக்கேக்க எனக்கு இங்கிலீசு ஒரு அவுன்ஸ்தான். என்னோட வேலை செய்த ஆள் ஒண்டு இந்த நாடகத்தின்ர டிவிடி தந்தது. மானுவல் எண்ட அந்த ஸ்பெயின்கார சர்வரைப் பாத்து நான் முதல் நாள் சிரிக்கேல்லை, உண்மையாச் சொல்லுறன். நானும் அப்பிடித்தான் நிண்டனான், சொல்லுறது விளங்காம, விளங்கின மாதிரி தலையாட்டிக்கொண்டு. இரண்டாம் தரம் பாக்கேக்கதான் பிடிபட்டது. ஆர் பிழை விடுறது எண்டு பாருங்கோ. மானுவல் சொன்னதைச் செய்யப் பாக்கிறான். சொல்லுற பேசில் ஒழுங்காச் சொல்லுறானில்லை. குறைஞ்ச சம்பளத்துக்கு ஆளை எடுத்துப்போட்டு, பாசை விளங்கேல்லை எண்டு அடிக்கிறான். சனம் சிரிக்கிறது பேசிலைப் பாத்து.

பழைய_ஆண்டெனா | மே 5, காலை 9:20

வல்லை_வெளி சொன்னது அருமை. மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. 1930-இல் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர், நாஜிகளுக்குத் தப்பிச் சின்ன வயதிலேயே குடும்பத்தோடு லண்டன் வந்தவர். புது நாட்டில் பாஷை தெரியாமல் நிற்பது என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பெயினில் இதை டப் பண்ணியபோது மானுவலை இத்தாலிக்காரராக மாற்றிவிட்டார்கள் என்பது கொசுறு.

இந்த இழைக்கென்றே எழுதியது போல ஒரு காட்சி உண்டு. 'தி ஜெர்மன்ஸ்' எபிசோடில் மானுவல் கவுண்டருக்குக் கீழே குனிந்து எதையோ துடைத்துக்கொண்டே, தான் படித்த இங்கிலீஷைத் தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டிருப்பார். கவுண்டர் மேலே சுவரில் மாட்டவேண்டிய மூஸ் மான் தலை இருக்கும். அந்தப் பக்கம் வரும் கிழட்டு மேஜர், மான்தலைதான் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு குசலம் விசாரிப்பார். மானும் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லும்! மானுவல் எந்த வாக்கியத்தையும் தப்பாகச் சொல்லவில்லை. எதிரே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் சொல்கிறார், அதுதான் சிரிப்பு.

முதல் எபிசோடிலேயே இன்னொன்று. தட்டுகளில் வெண்ணெய் அதிகம் என்று பேசில் சொல்வதில் 'ஆன் தோஸ் ட்ரேஸ்' என்று முடியும். மானுவல் அதை ஸ்பானிஷில் ஒன்று, ரெண்டு, மூன்று எண்ணுவதாகக் கேட்டுக்கொண்டு, "உனோ, தோஸ், த்ரெஸ்" என்று முதலாளியைத் திருத்துவார். காது எப்போதும் தெரிந்த பாஷையைத்தான் தேடும் சார். நமக்கும் அதே வியாதிதான்.

ரூம்_நம்பர்_எட்டு | மே 5, காலை 10:45

கோயம்புத்தூரில் லாட்ஜ் நடத்தினவன் என்ற தகுதியில் உள்ளே வருகிறேன். நம்மகிட்ட ஓட்டல்னா சாப்பிடுற இடம், தங்குறதுக்கு லாட்ஜ். அங்கே லாட்ஜ்னு கேட்டா வேற அர்த்தம். ரூமை 'வெகேட்' பண்றோம்னு சொல்வோம், அங்கே 'செக் அவுட்'. நம்ம லாட்ஜில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு போடுற இடம் நிறைய. அங்கே நீங்க ராத்திரி ஒன்பதுக்குப் போனாலும் மறுநாள் காலை பத்து, பதினொண்ணுக்குக் காலி பண்ணணும். லேட்டாகும்னா 'லேட் செக் அவுட்' முதல்நாளே கேளுங்க, காசும் கேப்பாங்க.

'கீசர் ஒர்க் ஆகலை'ன்னு சொல்லிடாதீங்க. அங்கே கீசர்னா கொச்சையில் 'ஆளு'. ஆளு வேலை செய்யலைன்னு புகார் கொடுத்த மாதிரி ஆயிடும். பேசாம 'ஹாட் வாட்டர்'னே சொல்லுங்க. ஹாஃப் பாயில் கேட்டாலும் முழிப்பாங்க, 'ஃப்ரைட் எக்'னு சொல்லுங்க. பார்சல் கிடையாது, 'டேக் அவே'. பெரிய ரூமுக்கு 'ஸ்வீட்'னு சொல்றது மிட்டாய் ஸ்வீட் மாதிரியேதான், எழுத்தைப் பார்த்து 'சூட்'னு படிக்காதீங்க, நான் இருபது வருஷம் போர்டுல எழுதி வெச்சு அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.

எதிர்க்கட்சி | மே 5, காலை 11:02

கீசர் விஷயம் நிஜமா? ஆப்பில் தேடினேன், வெந்நீர் ஊற்று என்று காட்டுகிறது.

வல்லை_வெளி | மே 5, மதியம் 2:30

ரெண்டும் உண்மை. எழுதிற விதம் வேற, சத்தம் கிட்டத்தட்ட ஒண்டு. ஆப்புக்குச் சத்தம் கேக்காது.

நிலாச்சோறு | மே 5, இரவு 9:50

பாக்கி வைத்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ரெண்டாம் வரிசையில் 'வால்டோர்ஃப் சாலட்' என்று ஒரு எபிசோடு. சாப்பாட்டு ஹாலில் சாப்பாடு எதுவும் சரியில்லை. ஆனால் வந்து விசாரித்தால் அத்தனை பேரும், "நல்லாயிருக்கு, தேங்க்யூ" என்று முனகுவார்கள். அந்த நேரத்தில் ஒரு அமெரிக்கர் வருகிறார். சமையலறை ஒன்பது மணிக்கு மூடிவிடும் என்றால், காசை எடுத்து நீட்டுகிறார். ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்கிறார். அவர் கேட்பது ஆரஞ்சு ஜூஸில் வோட்கா கலந்த பானம், பேசிலுக்குத் தெரிந்தது திருப்புளிதான். வால்டோர்ஃப் சாலட் என்றால் ஆப்பிள், செலரி, வால்நட், திராட்சை எல்லாம் மயோனைஸில் போட்டது. பேசில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் அமெரிக்கர் வெடிக்கிறார். அவர் வெடித்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து எங்களுக்கும் பிடிக்கவில்லை என்கிறார்கள்.

முனகுவதும் உதவாது, வெடிப்பதும் உதவாது. நடுவில் இருக்கும் பேச்சுதான் உங்களுக்கு வேண்டும். அது நமக்குத் தமிழில் நன்றாகவே வரும், அதே வித்தை இங்கிலீஷில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் தெரியாது.

நம் ஊர் லாட்ஜில் என்ன சொல்வீர்கள்? "தம்பி, வெந்நி வரலையே, கொஞ்சம் பாக்குறீங்களா?" அதில் 'வரலை'க்கும் 'வரலையே'க்கும் எவ்வளவு தூரம்! அந்த ஏகாரம், 'கொஞ்சம்', கடைசியில் வரும் 'ங்க', கேள்வியாக முடிப்பது, எல்லாம் சேர்ந்துதான் மரியாதை. நம்முடைய மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் அதை வாக்கியத்தின் தலையில் வைக்கிறார்கள். 'ஸாரி டு பாதர் யூ, பட் தேர் ஸீம்ஸ் டு பி எ ப்ராப்ளம் வித் தி ஹாட் வாட்டர்.' இதில் 'ஸாரி டு பாதர் யூ' என்பது உங்கள் 'தம்பி'. 'ஸீம்ஸ்' என்பது உங்கள் ஏகாரம். நாம் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றும்போது வாலை நறுக்கிவிடுகிறோம், தலையை வைப்பதில்லை. 'ஹாட் வாட்டர் நாட் கமிங்' என்று முண்டம் மட்டும் போய் நிற்கிறது. நாம் அதட்டுகிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

பேசிலிடம் கற்க ஒன்றுமில்லை என்று சொன்னேன், இந்த ஒரு விஷயத்தில் அதை மாற்றிக்கொள்கிறேன். அவர் தலைப்பகுதியை ஒருபோதும் விடமாட்டார். ஸாரி, ஐ'ம் அஃப்ரெய்ட், மேடம், எல்லாம் அட்சரம் பிசகாமல் வரும், அப்புறம் உள்ளே விஷத்தை வைப்பார். 1979-இல் ரெண்டாம் வரிசையின் முதல் எபிசோடில் மிஸஸ் ரிச்சர்ட்ஸ் என்று காது மந்தமான பாட்டி வருவார். காது மெஷின் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை ஆன் பண்ண மாட்டார்! ஜன்னலில் காட்சி சரியில்லை என்று அவர் புகார் சொல்ல, டார்கீ ஓட்டல் ஜன்னலில் வேறு என்ன தெரியும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று பேசில் தொடங்கி, சிட்னி ஓப்பரா ஹவுஸ்வரை போவார். அந்தக் காட்சியை மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை திரைக்குக் கீழே ஓடும் எழுத்தோடு (சப்டைட்டில்). ரெண்டாவது எழுத்து இல்லாமல். மூன்றாவது தடவை டிவியை நிறுத்தி நிறுத்தி, மிஸஸ் ரிச்சர்ட்ஸ் சொல்ல வேண்டியதை நீங்கள் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அம்மா ரிசெப்ஷனாக உட்காரட்டும்.

வைகைக்கரை | மே 6, காலை 6:30

மேடம், வாலும் தலையும் என்று சொன்னீர்களே, அதை நேற்று ராத்திரி ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிட்டேன். 34 வருஷத்தில் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.

பால்கோவா | மே 6, மாலை 4:12

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கிப்பர் கிப்பர் என்று ஒரு எபிசோடில் வருகிறதே, அது கருவாடா?

வல்லை_வெளி | மே 6, மாலை 5:40

ஹெரிங் மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, புகையில வாட்டினது. காலைச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட வரும். கருவாட்டின்ர ஒண்டுவிட்ட தம்பி எண்டு சொல்லலாம். நான் விரும்பிச் சாப்பிடுவன். சைவம் எண்டா கேட்டுச் சாப்பிடுங்கோ, 'ஃபுல் இங்கிலிஷ்' காலைச் சாப்பாடு எண்டா தட்டில பன்றி ரெண்டு மூண்டு உருவத்தில இருக்கும்.

வைகைக்கரை | ஜூன் 14, இரவு 8:25

ஒரு மாதக் கணக்கை ஒப்படைக்கிறேன். பன்னிரண்டும் பார்த்தாயிற்று, நாலு எபிசோடை மூன்று தடவை. வீட்டுக்காரிக்கு ரிசெப்ஷன் வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் எது கேட்டாலும், "ஐ'ம் அஃப்ரெய்ட் வீ ஆர் ஃபுல்லி புக்ட்" என்கிறாள். காபி கேட்டாலும் அதே பதில்தான்.

அவள் கவனித்த ஒன்றை நான் கவனிக்கவில்லை. பேசிலின் மனைவி சிபில் போனில் தோழியிடம் பேசும்போது முக்கால்வாசி நேரம் "ஓ, ஐ நோ" மட்டும்தான். "நாம 'ம்ம், ஆமா, அப்புறம்'னு சொல்றதில்லையா, அதுதான்" என்றாள். நான் எதிராளி பேசும்போது முழு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு விறைத்துப்போய் நிற்கிறேனாம். அதனால்தான் அவர்கள், 'இவருக்குப் புரியவில்லை போல' என்று வேகத்தைக் கூட்டிச் சத்தமாகப் பேசுகிறார்களாம். மகளோடு போனில் இங்கிலீஷில் பேசிப் பார்த்தபோது நடுநடுவே 'ரைட்', 'ஐ ஸீ' போட்டேன். "என்னப்பா ஆச்சு உங்களுக்கு" என்றாள்.

எதிர்க்கட்சி | ஜூன் 14, இரவு 9:01

ஆட்சி மாறுகிற மாதிரி தெரிகிறது. இருந்தாலும் ஆப்பை இறக்கி வையுங்கள்.

வைகைக்கரை | ஜூலை 29, இரவு 7:40

வந்து சேர்ந்தோம். மகள் சிவப்பு அங்கி போட்டு மேடையில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் நிறுத்தமாட்டேன். ஓட்டல் கதையை மட்டும் சொல்கிறேன்.

எக்ஸிடரில் ரிசெப்ஷன் பெண், "யூ ஆல்ரைட் தேர்?" என்றாள். உடம்புக்கு ஏதோ என்று பயந்து, "யெஸ், ஸ்லைட் நீ பெயின்" என்றேன். 'என்ன வேண்டும்' என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்களாம். பிறகு பேர் விவகாரம், வல்லை_வெளி சொன்ன மாதிரியே. புக்கிங் மகள் பேரில், அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் என் பேர், என் பாஸ்போர்ட்டில் சர்நேம் எங்கப்பா பேர். கம்ப்யூட்டரில் நான் என் மகளின் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தேன். 'இட்ஸ் அண்டர் மை டாட்டர்ஸ் நேம்' என்று தாளை நீட்டினேன். ஒரு நிமிஷத்தில் சாவி அட்டை வந்தது.

எக்ஸிடரிலிருந்து டார்கீ போகும் ரயில் டாலிஷ் என்ற இடத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே போகிறது, அலை கண்ணாடியில் அடித்துவிடும் போல. வீட்டுக்காரி பாம்பன் பாலம் நினைவுக்கு வருகிறது என்றாள். கிளனீகிள்ஸ் இருந்த இடத்தைத் தேடிப் போனோம். 2015-இல் மூடி, மறு வருஷம் இடித்தே விட்டார்களாம், இப்போது அங்கே முதியவர்களுக்கான அடுக்குமாடி. நாடகத்தில் வாசலாகக் காட்டும் வீடு டார்கீயிலேயே இல்லை, பக்கிங்காம்ஷையரில் இருந்த ஒரு க்ளப், அதுவும் 1991-இல் தீப்பிடித்துப் போய்விட்டது என்று மகள் சொன்னாள். ஒரு ஓட்டலுக்காக இவ்வளவு தூரம் வந்து ரெண்டும் இல்லை! கடலோரம் உட்கார்ந்து ஸ்கோன் என்ற பன் மாதிரியான பண்டம் சாப்பிட்டோம். எக்ஸிடரும் டார்கீயும் இருக்கும் டெவன் வட்டாரத்தில் அதன் மேல் முதலில் க்ரீம், அப்புறம் ஜாம். பக்கத்து கார்ன்வாலில் தலைகீழ். மாற்றிச் செய்தால் சண்டைக்கே வருவார்களாம்.

டார்கீ ஓட்டலில் முதல் ராத்திரி ஷவரில் பச்சைத்தண்ணீர்தான். போனை எடுத்தேன். கை நடுங்கியது, சொன்னால் என்ன. "ஸாரி டு பாதர் யூ, பட் தேர் ஸீம்ஸ் டு பி எ ப்ராப்ளம் வித் தி ஹாட் வாட்டர்." அந்தப் பக்கம், "ஓ ஐ'ம் ஸோ ஸாரி, ஐ'ல் ஸெண்ட் ஸம்ஒன் அப்." பத்து நிமிஷத்தில் ஒரு பையன் வந்து சரி பண்ணினான். பாத்ரூமுக்கு வெளியே கூரையிலிருந்து தொங்கும் கயிறு ஒன்றை நான் இழுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதுதான் வெந்நீருக்கு ஸ்விட்ச்சாம். நிலாச்சோறு மேடம், அந்த வாக்கியம் உங்களுக்குத்தான் சமர்ப்பணம்.

அந்த வெற்றியில் தலை கனத்துவிட்டது. மறுநாள் காலை வீட்டுக்காரி, "தினமும் தலைக்கு ஊத்துனா சளி பிடிக்கும், ஷவரெல்லாம் ஆவாது, ஒரு வாளியும் மக்கும் கேளுங்க" என்றாள். கேட்டேன். தலை, உடம்பு, வால் எல்லாம் கச்சிதம். "ஸாரி டு பாதர் யூ, குட் வீ பாஸிப்ளி ஹேவ் எ பக்கெட் அண்ட் எ மக், ப்ளீஸ்?" அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "ஆஃப் கோர்ஸ், ஸர்."

ஐந்து நிமிஷத்தில் அதே பையன் ட்ரேயோடு நின்றான். பளபளவென்று ஒரு சின்ன எவர்சில்வர் வாளி, நிறைய ஐஸ் கட்டி, அதை எடுக்க இடுக்கி. பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் காபிக் கோப்பை ஒன்று. "எனிதிங் எல்ஸ், ஸர்?" என்றான். என்ன சொல்வது? "நோ, தட்ஸ் லவ்லி, தேங்க்யூ" என்று வாங்கிக்கொண்டேன்.

ஐஸை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு அந்த வாளியில்தான் குளித்தாள். கோப்பையில் கைப்பிடி இருந்தது வசதி என்றாள்.

நிலாச்சோறு | ஜூலை 29, இரவு 8:15

வகுப்பில் இதைச் சொல்ல அனுமதி வேண்டும் சார். அடுத்த வருஷம் மானுக்குப் பதில் ஐஸ் வாளி.

ரூம்_நம்பர்_எட்டு | ஜூலை 29, இரவு 8:40

வாளி மேட்டரை நான்தான் சொல்லியிருக்கணும். லாட்ஜில் முதல்ல காணாமப் போறதே அந்த மக்தான்.

வல்லை_வெளி | ஜூலை 30, அதிகாலை 1:10

அண்ணை, பிழை உங்களில இல்லை. மக் எண்டா இஞ்ச தேத்தண்ணிக் கோப்பை, பக்கெட் எண்டு விருந்தாளி கேட்டா ஐஸ்தான். அடுத்தமுறை ஹவுஸ்கீப்பிங்குக்கு அடிச்சு, 'எ க்ளீன் பக்கெட் ஃபார் த பாத்ரூம், அண்ட் எ ப்ளாஸ்டிக் ஜக்' எண்டு கேளுங்கோ. ஏன் எண்டு கேப்பினம், 'ஃபார் வாஷிங்' எண்டு சொன்னாக் காணும்.

எங்கட ஹோட்டலுக்கு வந்தா ஒண்டும் கேக்கத் தேவையில்லை. ரிசெப்ஷனுக்குப் பின்னால அலுமாரியில நீல வாளி ரெண்டு வாங்கி வச்சிருக்கிறன். மனேச்சர் என்னத்துக்கு எண்டு இன்னும் கேக்கேல்லை.